அறுவடைக்கு முன்னால் முடிகிற டெமோ

"டெமோவ மட்டும் விளையாடிட்டு விமர்சனம் எழுதலாமா?"

எங்களுக்குள் சண்டை தொடங்கியது இந்தக் கேள்வியில்தான். ஒரு போயா நாள் பின்னேரம். கலகெதர டவுனில் ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடி. வகுப்பு இல்லாததால் இடம் கிடைத்தது. ஆறு பேர், ஒரு பழைய லெப்டொப், ஒரு பிளாஸ்க் ப்ளேன்டீ. கீழே கண்டி–குருநாகல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகிறது, மேலே நாங்கள் ஒரு கற்பனைக் கிராமத்தில் கேரட் நட்டுக்கொண்டிருந்தோம்.

ஸ்டீமில் வருடத்துக்கு மூன்று தடவை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' வரும். இன்னும் வெளிவராத கேம்களின் டெமோக்களை இலவசமாக அள்ளித் தருகிற திருவிழா. எங்களுக்கு அது பெருநாள் மாதிரி. இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ரெண்டு மூன்று இறங்கியிருக்கும். இப்படி இறக்கியதில் பாதிக்கு மேல் 'கோஸி' வகை வாழ்க்கை கேம்கள். யாரையும் சுட வேண்டாம், தோற்கவும் வழியில்லை. ஒரு வீடு, ஒரு தோட்டம் அல்லது ஒரு சின்னக் கடை, பேசிப் பழக நாலு அயலவர். அவ்வளவுதான்.

எல்லாம் நல்லாயிருந்தது. பிரச்சினையே அதுதான். பஸ்ஸிலோ படகிலோ வந்து இறங்குகிறீர்கள். பழைய வீட்டுச் சாவியை யாரோ கையில் தருகிறார்கள். புல்லை வெட்டுகிறீர்கள், விதை போடுகிறீர்கள், பொழுது சாய்கிறது, மெல்லிய பியானோ. அப்போது திரையில் "விளையாடியதற்கு நன்றி, விஷ்லிஸ்டில் சேருங்கள்" என்று வந்துவிடும். ஒரு ஊருக்குக் குடிபோன முதல் மூன்று நாள் எங்கே என்றாலும் அழகுதான். சாக்கடை எந்த வீட்டுப் பக்கம் ஓடுகிறது என்பது மூன்றாம் மாதம்தான் தெரியவரும்.

அதனால் எங்கள் கட்சி இது: வாழ்க்கை கேம்களைப் பொறுத்தவரை டெமோ என்பது முழுக் கேமின் ஒரு துண்டு இல்லை. அது வேறொரு பொருள். சண்டை கேமில் பத்து நிமிடம் சுட்டுப் பார்த்தால் கை பழகும், மிச்சத்தை ஊகிக்கலாம். இங்கே விற்கப்படுகிற சரக்கே காலம்தான். காலத்தை வெட்டி எடுத்துவிட்டு மாதிரி காட்டுவது எப்படி?

ஸ்டார்டியூ வேலியை எடுத்துப் பாருங்கள். எரிக் பரோன் என்கிற ஒரே ஒரு ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து, 2016 பெப்ரவரியில் வெளியிட்டது. படம், இசை, கதை எல்லாம் அவர் கை. அதற்கு டெமோ இல்லை. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். கேமின் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடியும். எங்கள் கடிகாரத்தில் அது கிட்டத்தட்ட 14 நிமிடம். வழக்கமான டெமோக்கள் மாதிரி மூன்று நாள் கொடுத்தால் முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு.

முதல் நாள் உங்களுக்கு 15 பார்ஸ்னிப் விதை கிடைக்கும். (பார்ஸ்னிப்பை எங்களில் யாரும் நேரில் கண்டதில்லை. வெள்ளைக் கேரட் மாதிரி ஒன்று.) கொத்தி, நட்டு, தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அது விளைய 4 நாள் ஆகும். அதாவது மூன்று நாள் டெமோவில் நீங்கள் நட்டிருப்பீர்கள், ஊற்றியிருப்பீர்கள், முளை வந்ததையும் பார்த்திருப்பீர்கள். ஒன்றைக்கூடப் பிடுங்கியிருக்க மாட்டீர்கள். விவசாய கேமில் விவசாயத்தின் பாதியைக் காணாமலே விமர்சனம் எழுதுவீர்கள்.

மிளகுக் கொடி நட்டால் காய்க்க மூன்று வருடம் பார்த்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு நாலு நாளைக்கு அவசரப்படுகிறோமே என்று எங்களில் ஒருத்தியின் வாப்பா சிரித்தார். கேமில் காகம் வந்து பயிரைத் தின்னும், வெருளி வைத்தால் வராது என்று சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார். எங்கள் பக்கம் வருவது குரங்கு. அதற்கு எந்த வெருளியும் பயமில்லை.

பயிரை விடுங்கள், மனிதர்களைப் பாருங்கள். அந்த ஊரில் ஷேன் என்று ஒருவன் இருக்கிறான். முதல் நாள் போய்ப் பேசினால் மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேசுவான். உன்னை எனக்குத் தெரியாது, என்னிடம் ஏன் வருகிறாய் என்கிற தொனி. டெமோவாக இருந்தால் ஷேன் அவ்வளவுதான்: மரியாதை தெரியாத ஒரு ஆள். முழுக் கேமில் நீங்கள் வாரக்கணக்காக அவனைத் தேடிப் போகிறீர்கள், பிடித்த சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். நட்பு ஆறு இதயம் வரும்போது, மழையில், மலை விளிம்பில், குடித்துவிட்டுக் கிடக்கிற அவனைக் காண்கிறீர்கள். வாழ்வதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிற ஒருவன் என்று அப்போதுதான் தெரியும். அந்த இரவு எங்கள் லெப்டொப்பைச் சுற்றி யாரும் பேசவில்லை. முதல் வாரம் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தவனும் பேசவில்லை.

இதை எந்த டெமோவாலும் தர முடியாது. சுருக்கித் தந்தால் அது பொய்யாகிவிடும். ஷேனை நாங்கள் தப்பாக எடைபோட்டுக் கழித்த அத்தனை நாட்களும் சேர்ந்துதான் அந்தக் காட்சி.

இதற்கு நேர் எதிரான கதை சிம்ஸ் 4. அங்கே டெமோவும் முழுக் கேமும் இடம் மாறியிருக்கின்றன. 2014 ஆகஸ்டில், கேம் வெளிவருவதற்கு முன்னால், ஆளை உருவாக்குகிற பகுதியை மட்டும் இலவச டெமோவாக விட்டார்கள். மூக்கை இழுக்கலாம், இடுப்பைப் பெருப்பிக்கலாம், தலைமுடி மாற்றலாம். உருவாக்கிய ஆள் வாழ்வதைப் பார்க்க முடியாது. அது உண்மையில் கேமின் ஆகச் சிறந்த பகுதி. செப்டெம்பரில் காசு கொடுத்து முழுசாக வாங்கியவர்களுக்கு நீச்சல் தடாகம் இல்லை, தவழ்ந்து எழும்பி நடக்கிற வயசுக் குழந்தையும் இல்லை. தடாகம் அந்த வருடம் நவம்பரில் வந்தது. சின்னப் பிள்ளைகள் வந்தது 2017 ஜனவரியில்.

பிறகு 2022 ஒக்டோபர் 18 முதல் அடிப்படைக் கேம் முழுக்க இலவசம். எங்களில் பலர் உள்ளே போனது அப்போதுதான். அந்த வருடம் ஞாபகம் இருக்கும்தானே. பெற்றோல் வரிசை, கரண்ட் வெட்டு, 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் 360 வரைக்கும் ஏறியது. அப்படி ஒரு வருடத்தில் யாரோ ஒரு முழு வீட்டைச் சும்மா தருகிறோம் என்றால் விடுவோமா?

சும்மா கிடைத்தது வீடு மட்டும்தான். அந்த ஊரில் மழை பெய்யாது. பருவங்களை வைத்து ஒரு பொதி 2018இல் வந்தது, அதை வாங்கினால்தான் மழை. நாய், பூனை வேண்டுமென்றால் 2017இல் வந்த இன்னொரு பொதி. எல்லாப் பொதிகளையும் முழு விலைக்குச் சேர்த்தால் ஆயிரம் டொலரைத் தாண்டும். ஒருகாலத்தில் காசு கொடுத்து வாங்கிய முழுக் கேமே இன்று கடையின் முன்வாசல். கண்டி மலையில், கூரைத் தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்துவிட்டு உட்கார்ந்து, மழையை டொலருக்கு விற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இலவச சிம்ஸ் 4 சின்னக் கேம் இல்லை. எங்களில் ஒருத்தி அதில் உம்மாவுக்கு ஒரு குசினி கட்டினாள். ஜன்னல் பெரிசு, புகை போக வழி, உட்கார்ந்து வெங்காயம் வெட்ட மேசை. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். உம்மா கேட்ட ஒரே கேள்வி, "இதுல தண்ணி பைப் எங்க?" அந்த அரை மணித்தியாலத்துக்கு எந்தப் பொதியும் தேவைப்படவில்லை. ஆகவே இலவசம் என்றாலே தூண்டில் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. பூட்டுப் போட்ட படங்களைத் தினமும் கண்ணுக்கு முன்னால் வைக்கிற இலவசத்தோடுதான் எங்களுக்குக் கோபம். டெமோ என்றால் ஒரு இடத்தில் முடிய வேண்டும். இது முடிவதே இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இனி எங்களைப் பற்றிய கதை. இதை எழுத வேண்டாம் என்று ரெண்டு பேர் சொன்னார்கள், எழுதுகிறோம்.

வெண்பா தெரியுமில்லையா? டொரொண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31இல் வந்தது. வாழ்க்கை சிமுலேஷன் என்று சொல்ல முடியாது, சமையலை வைத்துச் சொல்கிற கதை. 80களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன், அங்கே பிறக்கிற மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று நீங்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு எங்கள் பேச்சு இல்லை, இந்தியத் தமிழ். ஆனால் பிள்ளை இங்கிலிஷில் பதில் சொல்லும்போது அம்மாவின் முகம் போகிற போக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 2024இல் பஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது.

முழுக் கேமே ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். சில கேம்களின் டெமோ அதைவிட நீளம். ஸ்டீமில் ஒரு விதி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். டெமோ இல்லாத கேம்களுக்கு இதைத்தான் எங்கள் ஆட்கள் டெமோவாகப் பாவிக்கிறார்கள். தோட்டக் கேமில் 2 மணித்தியாலம் என்பது முன்வாசல். வெண்பாவில் அது முழு வீடு.

முடித்தோம். ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இன்னொருத்தன் சொன்னான்: "மச்சான், இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஆகல்ல. காச எடுக்கலாம்." கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு எடுத்தோம். ஒரு வீட்டில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி. அது மாதிரி என்ன, அதேதான்.

ஏன் எடுத்தோம்? ஸ்டார்டியூ வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். கணினிக்கான அதன் அமெரிக்க விலை 14.99 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 4,500. 2025 ஏப்ரலில் இந்த நாட்டில் சட்டப்படி ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. அப்படியென்றால் ஆறில் ஒரு பங்கு. எங்களில் ஐந்து பேர் சீட்டுப் போட்டோம். மாதம் ஒருவர் எடுக்கிற சீட்டு இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை எடுக்கிற சீட்டு. கார்ட் கட்டாரில் இருக்கிற ஒரு நானாவுடையது. போனில் அதே கேம் 4.99 டொலர்தான், பிறகுதான் தெரியவந்தது. அதைப் பற்றி இப்போதும் யாரும் பேச விரும்புவதில்லை.

எங்களுக்கு முந்திய செட் கண்டியில் குறுந்தட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்து சிம்ஸ் விளையாடி வளர்ந்தவர்கள். அதை யார் செய்தது, யாருக்குக் காசு போக வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் அவர்களைவிட நல்லவர்கள் என்று சொல்ல ஆசைதான். வெண்பா இன்னும் எங்கள் விஷ்லிஸ்டில் கிடக்கிறது.

இதனால்தான் "இத்தனை டொலருக்கு ஒன்றரை மணித்தியாலமா?" என்கிற விமர்சனங்களைக் கண்டால் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேமை அளப்பது, தேயிலைக் கொழுந்தைக் கிலோவில் நிறுக்கிற மாதிரி. நிறுக்கலாம், நிறுக்கவும் வேண்டும், காசில்லாதவன் கட்டாயம் நிறுப்பான். ஆனால் குடித்துவிட்டு நிறுக்கக்கூடாது.

டெமோ செய்கிறவர்களிடம் எங்களுக்குக் கேட்க ரெண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒரு அறுவடை வரைக்கும் விடுங்கள். நட்டவன் ஒருதடவையாவது பிடுங்கட்டும். விற்று, வந்த காசில் அடுத்த விதை வாங்கலாமா, கூரையைத் திருத்தலாமா என்று ஒருதடவை யோசிக்கட்டும். அந்த யோசனைதான் இந்த கேம்களின் உயிர், பூக்களும் பியானோவும் இல்லை. மற்றது, டெமோவில் செய்த வேலையை முழுக் கேமுக்குக் கொண்டுபோக விடுங்கள். ட்ராகன் குவெஸ்ட் பில்டர்ஸ் 2 இதை 2019இலேயே செய்தது. கட்டியதெல்லாம் அழிந்துபோகும் என்று தெரிந்தால் யார் மனசு வைத்துக் கட்டுவார்கள்?

விமர்சனச் சண்டைக்கு ஒருவாறு முடிவு கட்டினோம். டெமோவை மட்டும் விளையாடினால் டெமோவைப் பற்றி மட்டும் எழுதுவது, தலைப்பிலேயே அதைச் சொல்வது. முழுக் கேம் நல்லது என்றோ கூடாது என்றோ அதில் ஒரு சொல்லும் வராது.

அதற்கும் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. உயர்தரம் எழுதப்போகிறவள், ஆக இளையவள். வீட்டில் கார்ட் இல்லை, எங்கள் சீட்டிலும் அவள் இல்லை. ஒரு கடை கேமின் டெமோவை வைத்துக்கொண்டு, முடிய முடியத் திரும்ப முதலிலிருந்து விளையாடுகிறாள். அதே ரெண்டு நாள், அதே ஐந்து வாடிக்கையாளர். இப்போது பதினாலாவது தடவை. தொப்பி போட்ட கிழவர் கடைக்குள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வாசலில் கொஞ்சம் நிற்பார், எதிரே பூட்டிக் கிடக்கிற வீட்டைத்தான் பார்க்கிறார் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். நாங்கள் அந்த டெமோவை ஆளுக்கொரு தடவை விளையாடி அழித்திருந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

"முழுசு வந்தா அந்த வீடு யார்டன்னு தெரிஞ்சிரும்" என்றாள். வாங்குவாயா என்று கேட்டோம். தோளைக் குலுக்கிவிட்டு, கிழவர் வருகிற நேரமாச்சு என்று லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.