தொண்டு செய்யும் மாணவனுக்குப் படி கொடுங்கள்!

விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது, கெடார். சுற்றிலும் நெல்லும், கரும்பும், வேர்க்கடலையும் விளையும் ஊர்கள். இந்த ஊர்களில் இப்போது கல்லூரி மாணவ-மாணவிகள் பலர் இருக்கிறார்கள்.

கோடை விடுமுறையில் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஓய்வு எடுக்கிறான். ஏழை வீட்டுப் பிள்ளை கூலி வேலைக்குப் போகிறான். புத்தகத்துக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும் பணம் சேர்க்க வேண்டுமே!

"ஊருக்குத் தொண்டு செய்ய வா" என்று அவனை அழைத்தால், அவனுக்கு ஆசை இருக்கும். ஆனால் வர முடியாது.

100 மணி நேரம்

மாணவர் தொண்டு புதிய யோசனை அல்ல. காந்தி நூற்றாண்டையொட்டி, 1969-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி "நாட்டு நலப்பணித் திட்டம்" தொடங்கியது. 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

2018-ம் ஆண்டு கோடையில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. மாணவர்கள் கிராமத்தில் 100 மணி நேரம் துப்புரவுப் பணி செய்யவேண்டும். செய்தால் சான்றிதழ் உண்டு. சிறந்தவர்களுக்குப் பரிசும் உண்டு.

நல்ல திட்டம்தான். ஆனால், பரிசு சிலருக்குத்தானே கிடைக்கும்? கூலியை விட்டு வந்த மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

மரக்காணம் காட்டிய வழி

இதற்கு வழி இதே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகளின் படிப்பு கெட்டது. 2021 அக்டோபர் 27-ந் தேதி, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தொண்டர்கள் மாலை நேரத்தில் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது.

தொகை சிறியதுதான். ஆனாலும், தொண்டு செய்பவருக்கும் செலவு உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டது.

காசு வாங்கினால் தொண்டா?

இப்படிச் சிலர் கேட்பார்கள். வாத்தியார் சம்பளம் வாங்குகிறார். நர்சும் சம்பளம் வாங்குகிறார். அதனால் அவர்கள் செய்வது சேவை இல்லை என்று ஆகிவிடுமா? படி இல்லாத தொண்டு, வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே உரிய தொண்டாகிவிடும்.

கெடார் போன்ற ஊர்களில் கோடையில் செய்ய வேலையா இல்லை? பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். மழைக்கு முன் ஏரி வாய்க்கால்களைப் பார்த்து, அடைப்பு எங்கே என்று ஊராட்சிக்குச் சொல்லலாம்.

இரண்டு மாதம் இப்படி வேலை செய்யும் மாணவனுக்கு, அவன் விட்டு வந்த கூலியில் பாதியாவது கொடுக்க வேண்டும். பணத்தை அரசு கொடுக்கலாம். கல்லூரியின் பழைய மாணவர்களும் கொடுக்கலாம். வேலை நடந்ததா என்று ஊராரே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அப்போது ஏழை வீட்டுப் பிள்ளையும் தன் ஊருக்குத் தொண்டு செய்ய வருவான்.