ஜாக்கிரதை யாருக்கு?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறும் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு சென்று, ஏரியையும் படகையும் விட்டுவிட்டுக் காப்பித் தோட்டங்களின் பக்கமாக நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். இரும்புக் கேட். அதற்குப் பின்னே வானளாவிய சில்வர் ஓக் மரங்கள். உள்ளே எங்கோ ஒரு பங்களா. கேட்டிலே ஒரு பலகை: "நாய்கள் ஜாக்கிரதை!"

கூட்டம் ஒன்றுக்காகச் சென்றிருந்த நாமும் அதைப் பார்த்தோம். மறுநாள் காலை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு நடந்து போகையில், உடன் வந்த தோழர் வழியோரத்தில் ஒரு குச்சியை ஒடித்து நம் கையிலே கொடுத்தார். எதற்கு என்றோம். "பங்களா நாய் சில நாள் ரோட்டுக்கே வந்துருதுங்க" என்றார். வந்தால் என்ன செய்வீர்கள் என்றோம். "நாமதாங்க பார்த்துப் போகணும்" என்றார், ஏதோ மழை வந்தால் ஒதுங்கவேண்டும் என்று சொல்வதைப்போல!

நாம்தான் பார்த்துப் போகவேண்டுமாம்! நாய் அவருடையது. கேட் அவருடையது. சங்கிலியும் அவருடையது. சாலை மட்டும் ஊருடையது. அந்த ஊர்ச் சாலையில் நடக்கும் ஜாக்கிரதையோ நம்முடையது! எவ்வளவு அழகான பாகப்பிரிவினை!

அந்தப் பலகையை இன்னொருமுறை படியுங்கள். அது எச்சரிக்கை அல்ல, வாக்குமூலம்! என் நாய் கடிக்கும், அது எனக்குத் தெரியும் என்று எழுதி, கையெழுத்துப் போடாத குறையாகக் கேட்டிலே தொங்கவிட்டிருக்கிறார் கனவான். கேட்டுக்கு உள்ளே அந்தப் பலகைக்கு ஏதோ ஒரு மதிப்பு இருக்கலாம். கேட்டுக்கு வெளியே வந்துவிட்ட நாயின் கழுத்திலே பலகை தொங்குவதில்லையே! தலையிலே கூடையும் இடுப்பிலே சாக்குமாகக் காப்பிப்பழம் பறிக்கப் போகும் தாய், கேட்டைத் தாண்டி வந்த நாயிடம் எதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1860ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். மெக்காலே தலைமையில் வரைவு எழுதி, பல ஆண்டுகள் தூங்கி எழுந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆவது பிரிவு. தன் வசம் உள்ள விலங்கினால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ அசட்டையாகவோ அதைத் தக்கபடி காவாதவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆயிரம் ரூபாய்! 1860இல் அது ஒரு கூலியாள் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. சீமானும் சற்றுத் திகைக்கும் தொகை. அரிசி விலை ஏறிற்று, மண்ணெண்ணெய் விலை ஏறிற்று, அந்த நாயின் விலையும்கூட ஏறிற்று. கடிக்கு விதித்த அபராதம் மட்டும் ஏறவே இல்லை! 164 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவாகி, அபராதம் ஐயாயிரம் வரை என்று ஆயிற்று. உயர்ந்த இன நாய்க்குட்டி ஒன்றை வாங்க இதைப்போலப் பல மடங்கு கொடுப்பவருக்கு இந்த ஐயாயிரம் என்ன வலிக்கும்?

அது போகட்டும். அந்த ஐயாயிரம் யாருக்குப் போகிறது? கடித்தது தொழிலாளியின் காலை; பணம் போய்ச்சேர்வது சர்க்கார் கஜானாவுக்கு! இந்த இடத்திலேதான் நம் வழக்கு இருக்கிறது.

சென்னையிலே நடந்ததை நினைவுபடுத்துவோம். 2024 மே 5. ஆயிரம் விளக்குப் பகுதியிலே மாநகராட்சிப் பூங்கா ஒன்று. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள், ஐந்து வயதுக் குழந்தை, அங்கேயே இருந்தாள். இரண்டு ராட்வீலர் நாய்கள் கட்டுப்பாடின்றி வந்தன. குழந்தையின் தலையைக் குதறின. காப்பாற்ற ஓடிவந்த தாயும் காயப்பட்டார். ஊரார் உலாவும் இடத்தை இரவு பகலாகக் காத்தவர் தகப்பன். தன் வீட்டைக் காக்க இன்னொருவர் வளர்த்த நாய், அந்தக் காவலாளியின் குழந்தையைக் கடித்தது! உரிமையாளர் கைதானார். 289ஆவது பிரிவும் போட்டார்கள். அது ஜாமீனில் விடத்தக்க குற்றம், ஜாமீனும் கிடைத்தது. குழந்தை அறுவைச் சிகிச்சைக்குப் போனாள். நாடே பேசிற்று.

பேசிய வேகத்தில் விதிகள் வந்தன. சென்னை எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம், பொது இடத்தில் கயிறு, வாய்ப்பூட்டு என்றெல்லாம் கண்டிப்பு. அதற்குப் பிறகும், 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் நாய் ஒருவரைக் கடித்தே கொன்றது. உரிமம் இல்லாத வளர்ப்புக்கு ஐயாயிரம் அபராதம் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது என்றும் தீர்மானித்தார்கள். மேடையிலே பேசுகிறவனுக்கு வாய்ப்பூட்டுப் போட இந்த நாட்டு அரசாங்கங்கள் எந்நாளும் தயங்கியதில்லை. நாய்க்கு வாய்ப்பூட்டுப் போட ஒரு குழந்தையின் தலையும் ஒரு மனிதனின் உயிரும் தேவைப்பட்டன!

சரி, சென்னைத் தீர்மானம் சென்னையோடு நின்றுவிடும். இருபது வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வராது. மலையிலே ஒருவருக்குக் கடிபட்டால் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

கடித்த நாள் ஒன்று. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். தோலில் போடும் ஊசியானால் இப்படி நான்கு தடவை. தசையில் போடும் முறையானால் பதினான்காம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்தான், மறுக்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி குத்திய அந்தக் காலமும் மலையேறிவிட்டது. ஆனால் நாள் இலவசமா? நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ புறப்பட்டு, பஸ்ஸுக்குக் காத்து, வரிசையில் நின்று திரும்புவதற்குள் அன்றைய கூலி போயிற்று. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் தனி மருந்தும் செலுத்தவேண்டும். அதற்காகச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிவரை இறங்க நேர்ந்தால் துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. காலில் புண்ணோடு சரிவிலே ஏறிப் பழம் பறிக்கமுடியாமல் கிடந்த நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

நாய்க்காரர் என்ன இழந்தார்? "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன், விளையாட்டாகப் பாய்ந்துவிட்டது" என்று சொல்ல ஒரு நிமிடம்!

வக்கீல் இன்னும் கெட்டிக்காரர். சட்டம் உயிராபத்து, கொடுங்காயம் என்றல்லவா சொல்கிறது. இதுவோ இரண்டு பல் பட்ட சிறு காயம், வழக்கே நிற்காது என்பார். அவருக்கு நாம் சொல்வது இது. வெறிநோய் கண்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பே இல்லை. பாஸ்டர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டு வழி காட்டினார். நம் நீலகிரியில் குன்னூரிலேயே 1907இல் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. ஆயினும் 2024இல் தமிழகத்தில் நாய்க்கடி நான்கரை இலட்சத்தைத் தாண்டிற்று, ரேபீஸால் இறந்தவர்கள் 43 பேர். நாயின் பல் ஒன்று பட்டாலும் அது உயிராபத்துதான். குட்டி நாய், சீமாட்டி மடியில் உட்காரும் நாய் என்ற பேதம் அந்தக் கிருமிக்குத் தெரியாது! எனவே, தடுப்பூசி போட்ட சான்று இல்லாத நாயைச் சாலையில் விட்டாலே சட்டம் சொல்லும் அசட்டை முழுமையாகிவிட்டது என்பது நம் வாதம்.

தெருநாய்கள்தானே அதிகம் கடிக்கின்றன, எங்களை ஏன் பிடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். கேட்கட்டும். உடையவன் இல்லாத நாய்க்கே ஒரு நீதிமன்றம் உடையவனைக் கண்டுபிடித்துவிட்டது! பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று: தெருநாய் கடித்தால் அரசு பொறுப்பு, பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது பத்தாயிரம் ரூபாய், சதை கிழிந்தால் 0.2 சென்டிமீட்டருக்கு இருபதாயிரம் வீதம், கடிபட்டவர் கையிலே! ஊருக்குப் பொதுவான நாய்க்குப் பல்லுக்குப் பத்தாயிரம். பங்களா நாய்க்கு மொத்தப் பல்லுக்கும் சேர்த்து ஐயாயிரம், அதுவும் கஜானாவுக்கு! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

திருவாரூர்த் தெருவிலே இளவரசன் ஓட்டிய தேரில் கன்று மாண்டதற்கு, பசு மணியடிக்க, மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று கதை சொல்வார்கள். கதைதான். பசு மணியடித்ததை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் கன்று ஏன் குறுக்கே வந்தது, அதுவல்லவா பார்த்து வந்திருக்கவேண்டும் என்று கதையிலேகூட எவரும் சொல்லவில்லை! தெருவில் தேரைக் கொண்டுவந்தவன் பொறுப்பு என்பது இந்த மண்ணுக்குப் புரிந்த நியாயம்.

இன்றையத் தேர் லாரி. லாரி வைத்திருப்பவர் மூன்றாம் மனிதருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் சாலையில் இறக்க முடியாது. ஏன்? சாலையில் நடப்பவன் லாரிக்காரருக்கு யாரோ. அவனுக்கு நேரும் சேதத்துக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருக்கவேண்டும் என்ற ஏற்பாடு. ஜெர்மனியிலே 1900ஆம் ஆண்டு முதலே, வளர்ப்பு நாய் செய்த சேதத்துக்கு, வளர்த்தவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று பாராமலேயே அவர் பொறுப்பு. பெர்லின், ஹாம்பர்க் முதலிய மாநிலங்களில் நாய் வளர்க்க இன்ஷூரன்ஸ் கட்டாயம். இங்கிலாந்திலே 1991இன் சட்டப்படி நாய் பொது இடத்தில் கட்டுமீறி அச்சுறுத்தினாலே குற்றம். அங்கெல்லாம் நாய்ப் பிரியர்கள் இல்லையா? நம்மைவிட அதிகம்!

ஆகவே நாம் கேட்பது, நாய் வளர்க்காதே என்பதன்று. இனத்தின் பெயரைச் சொல்லித் தடை போடுவதிலும் நமக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு இருபத்துமூன்று இனங்களுக்குத் தடை சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தடை செய்யப்படாத இனமும் கடிக்கும். நாய்க்கு உரிமம் நகரத்தோடு நிற்காமல் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் வரட்டும். உரிமத்தோடு தடுப்பூசிச் சான்றும் மூன்றாம் மனிதர் இன்ஷூரன்ஸும் கட்டாயமாகட்டும். கடிபட்டவருக்கு மருத்துவச் செலவும், இழந்த ஒவ்வொரு நாள் கூலியும் அதிலிருந்து வரட்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். ஏற்காட்டுத் தோழர்களுக்கு நாம் சொல்லிவிட்டு வந்ததை இங்கேயும் சொல்கிறோம். கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனை. கடித்தது யார் வீட்டு நாய் என்று மருத்துவச் சீட்டிலே எழுதச் சொல்லுங்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. நாய்க்காரர் அதை ஒளிக்கவோ வேறூருக்கு அனுப்பவோ விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காவல் நிலையம். 291ஆவது பிரிவு, காவல்துறை நேரே வழக்குப் பதியத்தக்க குற்றம். கோர்ட்டுக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். வழக்கு நீதிமன்றம் போனால், கடிபட்டவருக்கு இழப்பீடு தரும்படி குற்றவாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 395ஆவது பிரிவில் நீதிபதிக்கு இருக்கிறது. கேட்டால்தானே கிடைக்கும்? கூலிச் சீட்டுகளையும் பஸ் டிக்கெட்டுகளையும் எறிந்துவிடாமல் ஒரு நூலில் கோத்து வையுங்கள்.

நமக்குக் குச்சி ஒடித்துக் கொடுத்த தோழரிடம் இதைச் சொன்னபோது, அவர் தன் வேட்டியைச் சற்று உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினார். பழைய தழும்பு. எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டோம். யோசித்தார். அதையெல்லாம் யாருங்க எண்ணி வெச்சா என்றார்.