பிரஞ்ச் சாப்பாடும் கவுனி நெல்லும்

பிரஞ்ச்னு ஒரு சாப்பாடு உண்டு. காலைப் பலகாரத்தையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒண்ணாக்கி, பத்தரை பதினோரு மணிக்கு நிதானமா உக்காந்து சாப்பிடுறது. சென்னையில இருக்கிற எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க ஞாயித்துக்கிழமைன்னா இதைப் பத்தித்தான் பேசுதுங்க. எங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. விடியக்காலம் அஞ்சு மணிக்கு வயலுக்குப் போனவன், வெயில் ஏறினதும் வரப்புல உக்காந்து தூக்குவாளியைத் திறக்கிறது இதே பத்தரைக்குத்தான். பழைய சோறு, சின்ன வெங்காயம், முந்தின நாள் சுண்ட வச்ச குழம்பு. சாப்பிடுற நேரம் ஒண்ணுதான், எழுந்திரிச்ச நேரம்தான் வேற.

போன மாசம் தங்கச்சி மகன் குடும்பத்தோட வந்தப்போ, "மாமா, கிளம்புங்க, பிரஞ்ச் போறோம்"னு என்னையும் வண்டியில ஏத்திட்டான். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீடு, இப்போ ஓட்டலா இருக்கு. பேர் வேண்டாம். இந்தப் பக்கம் அப்படி நிறைய வீடு ஓட்டலா மாறியாச்சு, நான் சொல்லப் போறது எல்லாத்துக்கும் பொருந்தும்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடுறேன். சாப்பாடு நல்லா இருந்தது. வெள்ளைப் பணியாரம், அதுக்கு வரமிளகாய்ச் சட்னி, இடியாப்பம், கோழிக்குழம்பு, கந்தரப்பம், கடைசியா ஒரு சின்னக் கிண்ணத்துல கவுனி அரிசி. கவுனியை ராத்திரி முழுக்க ஊற வச்சு, பொறுமையா வேக வச்சு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறணும். அவசரத்துல பண்ணினா பல்லுல நிக்கும். இது சரியான பக்குவத்துல இருந்தது. சமையல்கட்டுல இருக்கிற பொம்பளைங்க சுத்துப்பட்டு ஊர்க்காரங்கதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கை சொன்னா மாதிரிதான் இருந்தது ருசி.

ஒரு ஆளுக்கு 1,400 ரூபாய், வரி தனி. எங்க ஊர் டீக்கடையில இதைச் சொன்னப்போ ஒருத்தர் உடனே, "ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய்யா"ன்னார். இந்தக் கணக்கு எனக்கும் ஓடாம இல்ல. ஆனா அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டைக் காப்பாத்துறது சாதாரணச் செலவு இல்ல. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு ஒரு இடத்துல விட்டுச்சுன்னா, அதைத் திரும்பப் பூசத் தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிக்கணும். ஓடு ஒழுகினா பர்மா தேக்கு உத்தரம் போயிடும். கீழ ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடி மேல ஒவ்வொண்ணா கையால வார்க்கிறது, பேர்ந்தா அதே பூ வேலைக்கு மறுபடி சொல்லி வைக்கணும்.

ஓட்டலா மாறாத வீடு என்ன ஆகுதுன்னும் பார்த்திருக்கேன். வாரிசு நாப்பது பேர், ஒருத்தர் மலேசியாவுல, ஒருத்தர் பெங்களூர்ல. பிரிக்க முடியாது, வாழவும் முடியாது. கடைசியில தூணு தூணா, கதவு கதவா பிரிச்சு வித்துடுறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல அந்தச் சாமான்கள் கடை கடையா கிடக்கு. யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி போட்ட வளவுத் தூண், எங்கேயோ ஒரு ரிசார்ட் வாசல்ல நிக்கும். அதுக்கு, அதே வீட்டுல இலை போட்டுப் பந்தி நடக்கிறது ஆயிரம் மடங்கு மேல். 2014ல யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தாங்க. பட்டியல் தூணைத் தாங்காது, சாப்பிட வர்ற சனம்தான் தாங்குது.

அப்போ உனக்கு என்னய்யா குறைன்னு கேப்பீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தம்பி வீட்டைச் சுத்திக் காமிச்சான். தேக்கு பர்மாவுல இருந்து, பளிங்கு இத்தாலியில இருந்து, கண்ணாடி பெல்ஜியத்துல இருந்துன்னு அழகா ஒப்பிச்சான். பணம் எதுல இருந்து வந்ததுன்னு சொல்லல. "வியாபாரம்"னு ஒரே வார்த்தை. அந்த வியாபாரத்துல பெரும்பகுதி நெல்லை நம்பினது. கீழ் பர்மாவுல காடழிச்சு நெல் போட்ட சம்சாரிகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவங்க நகரத்தார்கள். அந்தக் கடன் இல்லாம ஐராவதி டெல்டாவுல அவ்வளவு நிலம் விளைச்சலுக்கு வந்திருக்காது. ஆனா 1930ல நெல் விலை விழுந்துச்சு. கட்ட முடியாதவங்க நிலம் கைமாறுச்சு. 1930கள் முடியறப்போ கீழ் பர்மா நெல் வயல்ல கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் பேர்ல இருந்தது. 1942ல ஜப்பான்காரன் வந்ததும் உசுரு தப்பினா போதும்னு ஓடி வந்தாங்க. 1948ல பர்மாவுக்குச் சுதந்திரம் வந்தப்புறம் நிலமும் போச்சு. அதனாலதான் 1940களுக்கு அப்புறம் இந்தப் பக்கம் இப்படி வீடு யாரும் கட்டல.

இதை யாரையும் பழிக்கச் சொல்லல. அவங்க கட்டின பள்ளிக்கூடமும் கல்லூரியும் வெட்டின ஊருணியும் இன்னைக்கும் இந்த வறண்ட சீமையில எங்களுக்குத்தான் பயன்படுது. ஆனா நெல் விலை விழுந்தா ஒரு சம்சாரி நிலம் என்ன ஆகும்கிறது எனக்குக் கதை இல்ல. அந்தத் தேக்குத் தூணைத் தொட்டுப் பார்க்கிறவங்க யாரோ ஒரு பர்மாக்காரன் வயலையும் சேர்த்து நினைச்சா வீட்டோட அழகு குறைஞ்சு போகாது.

எங்க அப்பத்தா இந்த மாதிரி ஒரு வீட்டுக்கு நெல் அவிக்கப் போனவங்க. இந்த வீடுங்க ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியும். அப்பத்தா போனது வந்தது எல்லாம் பின்தெரு வாசல். முகப்பு எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. நான் முகப்பு வழியா ஏறிப் போய் வளவுல உக்காந்து சாப்பிட்டேன். காசு கொடுத்தா யாரும் ஏறலாம்கிறது ஒரு வகையில நல்லதுதான்.

மெனு கார்டுல "எங்கள் மண்ணின் பாரம்பரியக் கவுனி"ன்னு போட்டிருந்தது. கவுனியே பர்மாவுல இருந்து வந்ததுன்னுதான் இங்க பெரியவங்க சொல்லுவாங்க, அது போகட்டும். பரிமாறின பொண்ணுகிட்ட, "அரிசி எந்த ஊரும்மா?"ன்னேன். உள்ள போய்க் கேட்டு வந்து, "மதுரை மொத்தக்கடையில இருந்து வருது ஐயா"ன்னுச்சு. அந்த ஓட்டல்ல இருந்து எட்டு கிலோமீட்டர்ல என் வயல். அரை ஏக்கர்ல கவுனி போடுறேன். கண்மாய்த் தண்ணியை நம்பி ஆவணியில விதைச்சு, தை மாசம் அறுப்பு. உயரமா வளரும், மார்கழிக் காத்துக்குச் சாய்ஞ்சிடும், பாதி கதிர் சேத்துல கிடக்கும். போன வருஷம் வியாபாரி நெல்லா கிலோ 45 ரூபாய்க்கு எடுத்தார். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை கிலோ நெல் வேணும். அந்தச் சின்னக் கிண்ணத்துல 50 கிராம் அரிசி இருந்திருக்கும். சம்சாரி பங்கு மூணு ரூபாய் சில்லறை.

மேனேஜர் நல்ல மனுஷன், என்னைவிடச் சின்னவர். "உங்ககிட்ட வாங்க ஆசைதாங்க. ஆனா மாசாமாசம், ஒரே தரத்துல, கல்லு இல்லாம, பில்லோட வேணும். முடியுமா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. கவுனிக்குக் கருப்பே தவிட்டுலதான் இருக்கு, உமி மட்டும் நீக்கணும், தீட்டக் கூடாது. எங்க பக்கத்து மில்லுல நாலு மூட்டைக்காக மிஷினை நிறுத்தி மாத்த மாட்டாங்க. தனி ஆளா என்னால பில்லும் போட முடியாது.

பட்டணத்துல இருந்து படிக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன். இந்த மாதிரி இடத்துக்குப் போனா தாராளமா சாப்பிடுங்க, போட்டோ எடுங்க. அப்படியே, "இந்த அரிசி எந்த ஊர்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டா ஒரு கிழவன் கேட்டான்னு போயிடும். வாராவாரம் பத்து மேஜையில கேட்டா, மொத்தக்கடைக்குப் போற போன்ல ஒண்ணாவது எங்க ஊருக்கு வரும். முடிஞ்சா சாப்பிடுறதுக்கு முன்னாடியே வந்து ஊரை ஒரு சுத்து நடங்க. அந்த வீட்டு முத்தத்துல மழைத் தண்ணி எப்படி வடியுது, ஊருணிக்கு வரத்து வாய்க்கால் எந்தப் பக்கம், அதுல யார் வீடு கட்டியிருக்கான்னு பாருங்க. வழிகாட்டித் தம்பி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக மாட்டான்.

எங்க ஊர்ல கவுனி போடுற அஞ்சு பேர் இப்போ சேர்ந்து பேசியிருக்கோம். சின்ன உமி நீக்குற மிஷின் ஒண்ணு பக்கத்து ஊர் மகளிர் குழுவுல இருக்கு, வாடகைக்குத் தர்றதா சொல்லியிருக்காங்க. பில்லும் குழு பேர்லயே போட்டுக்கலாமாம். தை அறுப்பு முடிஞ்சதும் முதல்ல 25 கிலோ கொண்டு வாங்க, வேக வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார்.