இலையான் கூறும் சாட்சியம்

பகலுணவுக்கு முன்னர் இப்பக்கத்தை விரித்த அன்பர்கள் இதனைச் சற்று மடித்து வைத்துவிட்டு, உணவருந்திய பின் எடுத்துக்கொள்வது நன்று. இன்று நாம் பேசப்புகுவது இலையானைப் பற்றியும், பிணத்தின்மேல் வளரும் அதன் புழுவைப் பற்றியுமாகும். அருவருப்பான பொருள்தான். ஆயினும் அப்புழுவின் வயதைக் கணித்து நீதிமன்றிலே சாட்சியமாக வைக்கும் ஒரு விஞ்ஞானம் இன்று உண்டு. அக்கணிப்பிலே ஒருவருடைய உயிரே தங்கியிருத்தலுங் கூடும்.

1935-ஆம் ஆண்டு செப்டெம்பர் 29-ஆந் திகதி, ஸ்கொத்லாந்திலே மொஃபற் என்னும் ஊருக்கு அண்மையில், பாலமொன்றிலிருந்து கீழே பள்ளத்தை நோக்கிய பெண்ணொருத்தி அங்கு கிடந்த பொதியொன்றையும் அதிலிருந்து நீண்ட மனிதக் கையொன்றையும் கண்டாள். பொலிஸார் தேடியபோது மேலும் பல பொதிகள் அகப்பட்டன. இருவருடைய உடல்கள் துண்டிக்கப்பட்டு, அடையாளந் தெரியாவண்ணம் சிதைக்கப்பட்டிருந்தன. இறந்தவர் யார்? எத்தனை நாட்களாக அவ்வுடல்கள் அங்கே கிடந்தன?

இரண்டாவது வினாவுக்கு விடைகாண உதவியவை அவ்வுடல்களில் நெளிந்த புழுக்கள். அவற்றை ஆராய்ந்த கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்து அலெக்சாந்தர் மேர்ன்ஸ் என்பார், அவை நீல இலையானின் புழுக்களென்றும், அவற்றின் வயது 12 முதல் 14 நாட்களென்றும் கூறினார். இங்ஙனம் அவர் கூறியது எவ்வாறு?

நீல இலையான் இறந்த உடலைத் தொலைவிலிருந்தே மணத்தால் அறிந்து வரும். கண், மூக்கு, வாய் ஆகிய ஈரமான இடங்களையும் புண்களையும் நாடி முட்டையிடும். முட்டையினின்றும் வெளிவரும் புழு தின்று வளர்ந்து இருமுறை தோலைக் கழற்றும். ஆகவே அதன் வாழ்விலே மூன்று பருவங்கள் உண்டு. புழுவின் பின்நுனியிலுள்ள மூச்சுத் துவாரங்களை உருப்பெருக்கியால் நோக்கினால் பருவம் தெரிந்துவிடும்; இரண்டாம் பருவத்திலே ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு பிளவுகள், மூன்றாம் பருவத்திலே மூன்று. தின்று முடிந்ததும் புழு உடலை விட்டு அகன்று மண்ணுட் புகுந்து, கபில நிறக் கூட்டினுள் அடங்கி, ஈற்றில் இலையானாக வெளிவரும்.

இதனை நாம் வகுப்பிலே விளக்கியபோது மாணவனொருவன், “புழுவின் நீளத்தை அளந்தாற் போதாதா, சேர்?” என்று வினவினான். நல்ல வினா, ஆனாற் போதாது. தின்பதை நிறுத்திய புழு சற்றுச் சுருங்கும். ஆதலால் ஒரே நீளமுள்ள இரு புழுக்கள் வெவ்வேறு வயதினவாக இருத்தல் கூடும்.

இதனினும் பெரிய சிக்கல் வெப்பம். இலையான் தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்த வல்லதன்று. சூழலின் சூட்டுக்கேற்பவே அது வளரும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஓர் இனத்துக்கு அவ்வெல்லை 5 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 15 பாகையில் ஒரு மணி நேரம் கிடந்த புழுவின் கணக்கிலே 10 சேரும். 25 பாகையில் கிடந்ததன் கணக்கிலே 20 சேரும். பின்னையது முன்னையதன் பாதிக் காலத்திலே அதே வளர்ச்சியை எய்திவிடும். எனவே உடல் கிடந்த இடத்திலே பல நாட்கள் வெப்பத்தை அளந்து, அண்மையிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவுகளோடு ஒப்பிடுகின்றனர். புழுக்கள் திரளாகத் தின்னும்போது அத்திரளே சூடேறும் என்பதையும் கருத வேண்டும். சேகரித்த புழுக்களிற் சிலவற்றைச் சுடுநீரிலே கொன்று மதுசாரத்தில் இடுவர். சிலவற்றை உயிரோடு வளர்த்து, வெளிவரும் இலையானைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வர்.

எமது மீன் சந்தைகளிலே மொய்க்கும், சிவந்த பெரிய கண்களையுடைய பச்சை இலையான் வேறோர் இனம். எமது வெப்பமும் வேறு. ஸ்கொத்லாந்தின் இலையுதிர்காலக் குளிருக்கு வகுத்த கணக்கை யாழ்ப்பாணத்து வெயிலிற் கிடந்த உடலுக்குப் பயன்படுத்தினால், சில நாட்களை வாரங்களாக்கி நிரபராதி ஒருவரைக் கூண்டில் நிறுத்த நேரிடும்.

பொதிகளிலொன்று 1935 செப்டெம்பர் 15-ஆந் திகதிச் செய்தித்தாள் ஒன்றிலே சுற்றப்பட்டிருந்தது. அது இங்கிலாந்தில் லங்காஸ்டர், மோர்கம் பகுதிகளுக்கென அச்சிடப்பட்ட சிறப்புப் பதிப்பு. லங்காஸ்டரிலே பக் ரக்ஸ்டன் என்னும் வைத்தியரின் மனைவியும், பிள்ளைகளைப் பராமரித்த பணிப்பெண்ணும் அந்நாள் முதலாகக் காணப்படவில்லை. ரக்ஸ்டன் பம்பாயிற் பிறந்த பார்சியர். அவர்கள் எங்கே என வினவியோருக்கு அவர் பலவாறு கூறிவந்தார். மேர்ன்ஸ் கூறிய வயது அந்த நாட்களோடு பொருந்திற்று. 1936-ஆம் ஆண்டு மே 12-ஆந் திகதி மான்செஸ்டரிலே அவர் தூக்கிலிடப்பட்டார்.

புழுக்களே ரக்ஸ்டனைத் தூக்கிலேற்றின என்று எழுதுவாரும் உளர். அது மிகை என்பதே எமது கருத்து. பெண்களின் புகைப்படத்தின்மேல் மண்டையோட்டின் படத்தைப் பொருத்திப் பார்த்தமையும், பணிப்பெண்ணின் கைரேகைகள் வீட்டுப் பொருள்களில் இருந்தமையும், மேற்கூறிய செய்தித்தாளுமே அவ்வழக்கைத் தாங்கின. புழு கூறியது ஒன்றே: இலையான் முட்டையிட்டு இத்துணை நாட்களாயின என்பது. மரணம் அதற்கு முன்னரே நிகழ்ந்திருத்தல் கூடும். இரவிலும் மழையிலும் இலையான் பெரும்பாலும் வாராது. இறுகச் சுற்றிய உடலை அணுக அதற்கு நாட்செல்லும். ஆகவே அது காட்டுவது மிகக் குறைந்த காலத்தையே அன்றி, மரணம் நிகழ்ந்த நாழிகையை அன்று. கொன்றவர் யார் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை.

அப்புழுக்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிலே கண்ணாடிக் குப்பியொன்றில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.