காடு காணாமல் போனதா, வளர்கிறதா?

அண்மையில் என் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் இரண்டு செயற்கைக்கோள் படங்களைக் காட்டினேன். பழைய படத்தில் அடர்பச்சையாக இருந்த ஓரிடம் புதிய படத்தில் பழுப்பாகத் தெரிந்தது. “காட்டை அழிச்சிட்டாங்க, டீச்சர்!” என்றார்கள். அந்த முடிவு சரியா?

மாத்தாங் காட்டின் பரப்பளவு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறாண்டுகளுக்கும் மேலாக இங்குத் திட்டமிட்டு மரம் வெட்டுகிறார்கள். பாக்காவ் மரங்களைச் சுமார் 30 ஆண்டுகள் வளரவிட்டு, பகுதி பகுதியாக வெட்டி, மீண்டும் வளர்க்கிறார்கள். வெட்டிய மரம் கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாகிறது. ஆக, அந்தப் பழுப்பு நிலம் சில ஆண்டுகளில் மீண்டும் பச்சையாகும்.

வேறொரு கடற்கரையில் இறால் குளத்துக்காகக் காட்டை வெட்டினாலும், முதலில் படத்தில் தெரிவது மரமில்லாத நிலம்தான். ஆனால் அங்குக் காடு எளிதில் திரும்புவதில்லை. ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களும் வேண்டும்.

மொத்தக் கணக்கும் இப்படித்தான். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைக் கொண்டு ‘குளோபல் மேங்குரோவ் வாட்ச்’ திட்டம் உலகச் சதுப்புநிலக் காடுகளை அளக்கிறது. 1996இல் சுமார் 152,600 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு, 2020இல் சுமார் 147,400 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவு, இழந்ததிலிருந்து புதிதாக வளர்ந்ததைக் கழித்த நிகரக் கணக்கு. எங்கே, ஏன் இழந்தோம் என்பதை இந்த ஓர் எண் சொல்லாது.

“செயற்கைக்கோள் இருக்கும்போது சேற்றில் இறங்குவானேன்?” என்று சிலர் கேட்கலாம். லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஆற்றோரத்தில் 15 மீட்டர் அகலமே உள்ள மரவரிசை, பக்கத்து நீரோடும் நிலத்தோடும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். அது அழிந்தாலும் வரைபடத்தில் தெரியாமல் போகலாம். அதனால்தான் அறிவியலாளர்கள் களத்துக்குச் சென்று வரைபடத்தைச் சரிபார்க்கிறார்கள்.

கடலோரப் பள்ளிகளின் அறிவியல் கழகங்கள் இதில் கைகொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒருமுறை, நீர் வற்றும் நேரத்தில், ஆசிரியருடன் சென்று ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படமெடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துவையுங்கள். ஐந்தாண்டு சேர்ந்தால் அது சான்றாகும். அடுத்த முறை பழுப்புப் புள்ளியைப் பார்க்கும்போது, “அழிந்துவிட்டது” என்பதற்கு முன் “ஏன்?” என்று கேளுங்கள்.