அடுத்தவர் பைலில் எழுதாதீர்கள்!

தாண்டிக்குடியில் என் மாமா காபித் தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விடுகிறார். அதற்கான இணைய தளத்தை வேர்ட்பிரஸ்ஸில் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். 2018ல் குறிஞ்சி பூத்தபோது தளத்துக்கும் குறிஞ்சி நிறம் பூசினேன். தமிழ் எழுத்துக்களைப் பெரிதாக்கினேன். போன் எண்ணைப் பளிச்சென்று தெரிய வைத்தேன். எல்லாவற்றையும் தீமுடன் வந்த ஸ்டைல்ஷீட் பைலிலேயே எழுதினேன். அதுதான் தவறு.

சில வாரங்களில் தீமுக்கு அப்டேட் வந்தது. கிளிக் செய்தேன். அத்தனையும் போயிற்று! பேக்கப்பும் இல்லை. “என்ன மாப்ளே, பூ உதிர்றதுக்குள்ள உன் தளம் உதிர்ந்துபோச்சே?” என்றார் மாமா. வேர்ட்பிரஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. தீமை அப்டேட் செய்தால் பழைய போல்டர் போய்ப் புதியது வந்து உட்காரும். அதற்குள் நான் எழுதியது எப்படி மிஞ்சும்?

கொடைக்கானல் ஏறும் வழியில் சில்வர் கேஸ்கேட் அருவியைப் பார்த்திருப்பீர்கள். 1996ல் தர நிர்ணயமான சிஎஸ்எஸ் என்ற பெயரின் முதல் எழுத்தும் அந்தக் கேஸ்கேட்தான். விதிகள் அடுக்கடுக்காக இறங்கி வரும். சம பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வருவதே செல்லும். அப்படியிருக்க, மூல பைலைத் தொடுவானேன்? நம் விதியைத் தனியே, அதற்குப் பின்னால் எழுதினால் போதுமே!

வழிகள் இரண்டு. சின்ன மாற்றம் என்றால் ‘அடிஷனல் சிஎஸ்எஸ்’ பெட்டியில் எழுதுங்கள். தீமைப் பொறுத்து அது இருக்கும் இடம் மாறும். 2016 டிசம்பரிலேயே வந்துவிட்ட வசதி, நான்தான் கவனிக்கவில்லை. தீம் அப்டேட் ஆனாலும் இதற்கு ஆபத்தில்லை. ஆனால் வேறு தீமுக்கு மாறினால் கூடவே வராது. எனவே நோட்பேடில் ஒரு நகல் வைத்திருங்கள். பெரிய மாற்றம் என்றால் ‘சைல்ட் தீம்’ அமையுங்கள். தனி போல்டர், அதற்குள் உங்கள் ஸ்டைல்ஷீட், தாய்த் தீம் எது என்று சொல்லும் ஒரு வரி. தாய்த் தீம் எத்தனை முறை அப்டேட் ஆனாலும் பிள்ளை பத்திரம்.

பெயரில் ஆண்டையும் சேருங்கள். என்னுடையது ‘குறிஞ்சி 2018’. இலவசம் என்று பத்து தீம்களைக் குவிக்காதீர்கள். பயன்படுத்தாத தீமும் அப்டேட் இல்லாமல் கிடந்தால் பாதுகாப்பு ஓட்டையாகலாம். ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

“புதியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பார்கள் சிலர். புதியவர்களுக்குத்தான் வேண்டும். அனுபவசாலியிடம் பேக்கப் இருக்கும், நம்மிடம் இருக்காது.

அடுத்த குறிஞ்சி 2030ல். அதற்குள் எத்தனை அப்டேட் வந்தாலும் மாமாவின் போன் எண் பளிச்சென்றே இருக்கும்.