ஆஃபர் பேட்டரியைத் தராசில் வையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் அப்பா, மாமா, சித்தப்பா என்று யாராவது இன்னும் விளையில் இறங்கி வேலை பார்க்கிறார்கள் என்றால் கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

ஓணம் ஆஃபர் முடிந்தால் ஆயுதபூசை ஆஃபர், அது முடிந்தால் தீபாவளி ஆஃபர். இப்போதெல்லாம் நம்மூருக்குக் கூரியரில் வருவது துணிமணியும் செல்போனும் மட்டுமல்ல. பேட்டரி புல்வெட்டி மெஷின், மரக்கொப்பு அறுக்கிற கைவாள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், இவற்றுக்கு உபரியாக ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர் என்று வந்து இறங்குகின்றன. ஆர்டர் போடுவது பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிற மகன். பெட்டியைப் பிரிப்பது குலசேகரத்திலோ அருமனையிலோ இருக்கிற எழுபது வயது அப்பா. பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தில் சீன எழுத்தும் பொடி இங்கிலீஷும். அப்பா அதைப் படிக்கமாட்டார். பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி மெஷின் நல்ல சாமான்தான். வாங்கிக் கொடுங்கள். ஆனால் யார் செய்தது என்று தெரியாத மலிவு பேட்டரியையும் மலிவு சார்ஜரையும் அப்பா தூங்குகிற வீட்டுக்குள் அனுப்பாதீர்கள்.

பேட்டரி மெஷின் ஏன் நல்லது என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். இடவப்பாதி மழை பெய்து ஓய்ந்தால் ரப்பர் விளையில் முட்டளவு காடு. வெட்டுவதற்கு ஆள் கிடையாது. கிடைத்தாலும் நமக்குத் தோதான நாளில் வரமாட்டார்கள். பெட்ரோல் மெஷினைக் கயிறு இழுத்துக் கிளப்ப அறுபத்தைந்து வயதுத் தோளுக்குத் தெம்பு போதாது. பேட்டரி மெஷின் என்றால் பொத்தானை அழுத்தினால் போதும். புகை இல்லை, எடை குறைவு, பெண்களும் எடுத்து வேலை செய்யலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் பேட்டரிக்குத்தான். மோட்டார் என்பது செம்புக்கம்பியும் காந்தமும். பாதுகாத்தால் பல வருஷம் ஓடும். தேய்கிற பொருள் பேட்டரி. அதனால் விலை குறைக்க நினைக்கிறவன் கை வைப்பதும் அங்கேதான்.

இனி கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

லித்தியம் பேட்டரி பெட்டியைத் திறந்தால் உள்ளே டார்ச் செல் மாதிரி சின்ன உருளைகள் இருக்கும். அதிகம் புழங்குவது 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஒரு கம்பெனி 18 என்று எழுதும், இன்னொன்று 20 என்று எழுதும், மலிவுக் கடைக்காரன் 21 என்று எழுதுவான். மூன்றும் அதே ஐந்து செல்தான். 21 போட்டவன் பலசாலி என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, 36, 48, 88 என்றெல்லாம் போட்டு, கூடவே 12,000, 15,000 மில்லி ஆம்பியர்-மணி என்றும் எழுதியிருப்பான். ஒரு பேட்டரியில் "48 வோல்ட், 12,000 மில்லி ஆம்பியர்-மணி" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 48 × 12 = 576 வாட்-மணி. உள்ளே இருப்பது பத்து செல். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி செய்ததே பெரும்பாலும் 3,500, 3,600 மில்லி ஆம்பியர்-மணிதான் உச்சம். அதாவது ஒரு செல்லுக்குப் பன்னிரண்டரை வாட்-மணி. பத்துக்கும் சேர்த்து 125 சொச்சம். மலிவுப் பெட்டியில் அந்த உச்சச் செல்லையா வைப்பான்? 1,500 உள்ள செல்லை வைத்தால் மொத்தம் 54 வாட்-மணி. எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 576 உண்மையாக இருக்க வேண்டுமென்றால் நாற்பத்தாறு உச்சச் செல் வேண்டும். செல்லின் எடை மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும்.

இதனால்தான் தராசில் வையுங்கள் என்கிறேன். பெட்டியைத் திறக்க வேண்டாம், மீட்டர் வேண்டாம். அடுக்களைத் தராசு போதும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் இந்த மாதிரி மெஷின்களின் லித்தியம் பேட்டரியில், பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோ எடைக்கு 200 வாட்-மணிக்கு மேல் எவனாவது சொன்னால் அது பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கிராம் பேட்டரி 120 வாட்-மணியைத் தாண்டாது. நேர்மையான கம்பெனியின் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி. எடை 600 கிராமுக்குக் கொஞ்சம் கூட. கணக்கு பொருந்துகிறது அல்லவா? ஆன்லைனில் வாங்கும்போதும் பொருளின் எடையைப் பார்க்கலாம். எடையைப் போடாதவனிடம் வாங்காதீர்கள்.

அந்த 90 வாட்-மணி எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் யோசியுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். அப்படிப் பார்த்தாலும் 1,800 வாட்-மணி. ஆக நல்ல பேட்டரி ஒன்று ஏறத்தாழ 50 மில்லி பெட்ரோலுக்குச் சமம். முற்றம், வரப்பு, வீட்டைச் சுற்றிய வாழை மூடு, இதற்கெல்லாம் அது போதும். ஒரு ஏக்கர் ரப்பர் விளையை அதை வைத்து வெட்ட முடியாது. "மெஷின் சரியில்லை" என்று அப்பா சொன்னால், மெஷின் மேல் குற்றமில்லை, கணக்கு மேல்தான். பெரிய விளைக்கு வாடகைக்கு ஆளும் பெட்ரோல் மெஷினும் அழைப்பதே மிச்சம்.

அடுத்தது சார்ஜர். பணத்தைவிட இதுதான் எனக்குப் பயம்.

லித்தியம் செல் 4.2 வோல்ட்டுக்கு வந்ததும் சார்ஜ் நிற்க வேண்டும். நல்ல சார்ஜரும், பேட்டரிக்குள் இருக்கிற காவல் பலகையும் சேர்ந்து அதைச் செய்யும். மலிவுப் பெட்டியில் இரண்டுமே பெயருக்கு இருக்கும், சிலதில் பெயருக்குக்கூட இருக்காது. பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அளவுக்கு மேல் ஏறிய செல் சூடாகும், வீங்கும். ஒரு செல் தீப்பிடித்தால் அந்தச் சூட்டில் அடுத்த செல்லும் பிடிக்கும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் இருப்பது ஈய-அமில பேட்டரி, 12 வோல்ட். அதன் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். புதிய கைவாளிலும் "12 வோல்ட்" என்று எழுதியிருக்கும். அது மூன்று லித்தியம் செல், 12.6 வோல்ட்டில் நிற்க வேண்டியது. பின் ஒரே மாதிரி இருப்பதால் அதில் இது சொருகும். இரண்டிலும் 12 என்று இருக்கிறதே என்று அப்பா மாற்றிப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சார்ஜர் மேல் எந்த மெஷினுக்கு என்று தமிழில் ஒரு துண்டுக் காகிதம் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலை.

2022 மார்ச்சில் வேலூர்ப் பக்கம், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். பலருக்கு நினைவிருக்கும். அது பெரிய பேட்டரி, நம் மெஷினில் இருப்பது சின்னது. சின்னதென்றாலும் ஒரு அறையைப் புகையால் நிரப்ப அது போதும். நம் வீடுகளில் சார்ஜ் போடுகிற இடம் எது? ரப்பர் ஷீட் அடுக்கிய அறை, தேங்காய்த் தொண்டும் ஓலையும் கிடக்கிற சாய்ப்பு, இல்லாவிட்டால் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் ஆஃபரில் வந்த சார்ஜர் உருகி மேசை கரிந்தது. பகலாக இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று தேடினால் விற்றவன் கடையே ஆன்லைனில் இல்லை.

"சார், கம்பெனி பேட்டரி நாலு மடங்கு விலை, சாதாரணப்பட்டவன் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 1,200 ரூபாய் பேட்டரி ஆறு மாதத்தில் செத்தால் வருஷத்துக்கு 2,400. 4,800 ரூபாய் பேட்டரி நாலு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 1,200. மலிவாக வாங்கினவனுக்கே இரட்டைச் செலவு. ஏழை வாங்கக்கூடாதது விலை உயர்ந்த பொருள் மட்டுமல்ல, ஆயுசு குறைந்த பொருளும்தான். முடியாதென்றால் இரண்டு வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். அண்ணன் தம்பி விளைகள் அடுத்தடுத்துத்தானே கிடக்கின்றன.

எல்லாத் தள்ளுபடியும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மெஷின், பேட்டரி, சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டியில் வாங்கினால் தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். தன் பேட்டரிக்கு உங்களைப் பழக்கிவிட்டால் அடுத்த மெஷினையும் தன்னிடமே வாங்குவீர்கள் என்று கம்பெனி குறைத்துக் கொடுக்கிறது. அது நேர்மையான வியாபாரம், பயன்படுத்திக்கொள்ளலாம். பழைய மாடலைத் தள்ளிவிடுகிற ஆஃபரும் உண்டு. அதில் பேட்டரியின் தயாரிப்புத் தேதியை மட்டும் பாருங்கள். வருஷக்கணக்கில் சார்ஜ் இறங்கிக் கிடந்த பேட்டரி, புதிதாக இருந்தாலும் கிழடுதான். அடித்துப் போட்ட 9,999 ரூபாயைப் பார்த்து 80 சதவீதம் லாபம் என்று மயங்காதீர்கள். அது விற்கக்கூடிய அதிகபட்ச விலை. உண்மையான விலை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் தள்ளுபடியில் வாங்கிய மெஷினின் சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. நம்மூர் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றைக்கே முடிந்தது. மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. திருவனந்தபுரத்தில் இறங்கி வருகிறவர்கள் கிளம்பும் இடத்திலேயே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களுக்கான லித்தியம் பேட்டரி ஐ.எஸ். 16046 தரத்தின்படி பி.ஐ.எஸ். பதிவு பெற்றிருக்க வேண்டும். பேட்டரி மேல் 'ஆர்' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவன் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு நாகர்கோவில். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் ஆயிரம் ரூபாய்ப் பேட்டரிக்காக எந்த விவசாயி கோர்ட்டுக்குப் போவான்? விற்பவனுக்கும் அது தெரியும். அதனால்தான் பொய் எண்ணைத் தைரியமாக அச்சடிக்கிறான். என் கோரிக்கை சிறியது. ஆன்லைனில் பேட்டரி விற்கிற ஒவ்வொரு பக்கத்திலும் பி.ஐ.எஸ். எண், வாட்-மணி, எடை, தயாரித்த மாதம் நான்கும் இருந்தே ஆகவேண்டும் என்று அரசு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும். அரிசி மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் முத்திரைத் தராசு கேட்கிறோம். பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தால் கேட்க ஒருவரும் இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது:

1. மெஷினுக்கு முன்னால் பேட்டரியை விசாரியுங்கள். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ சர்வீஸ் உள்ள கம்பெனியா என்று பாருங்கள்.
2. வாட்-மணியை எடையோடு ஒப்பிடுங்கள்.
3. கம்பெனி சார்ஜர் தவிர வேறு வேண்டாம். சார்ஜ் பகலில், ஆள் கண் முன்னால், சிமெண்ட் தரையில்.
4. வெயிலில் வேலை செய்த பேட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் எடுத்து வையுங்கள். ஈய-அமில ஸ்பிரேயர் பேட்டரிக்கு மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று படாமல் மூடி வையுங்கள்.
5. வீங்கியது, நாற்றம் அடிப்பது, தண்ணீரில் விழுந்தது, மூன்றையும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். குளத்திலும் குப்பைத் தீயிலும் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விற்ற கடையில் கொடுங்கள்.

அடுத்த தடவை அப்பாவுக்கு ஏதாவது ஆர்டர் போடும் முன், இந்தப் பெருக்கல் கணக்கை ஒருதடவை போட்டுப் பாருங்கள் மக்களே. எட்டாம் வகுப்பில் நான் சொல்லித்தந்ததுதான்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.